தினம் ஒரு வியப்பு, தினம் ஒரு சிரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமநாதபுரம் கடற்கரையில் இப்போது தெருவுக்குத் தெரு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. எங்கள் குழுவில் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, தொண்டி ஆட்கள் இருக்கிறார்கள். பிழைப்புக்காக துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களும் உண்டு. அதில் தினமும் ஒரு வியப்பான தகவலும் ஒரு சின்னச் சிரிப்பும் போடுவது என் பொறுப்பு. மற்ற ஊர்க்காரர்கள் "நாங்களும் தொடங்கலாம்னு இருக்கோம், எப்படிச் செய்றீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கேட்கிற கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

தகவல், சிரிப்பு என்று இரண்டும் எதற்கு? ஒன்று போதாதா?

தகவலை மட்டும் போட்டுக்கொண்டே போனால் குழு வகுப்பறை ஆகிவிடுகிறது. பெரியவர்கள் மெல்ல ஒதுங்கிவிடுகிறார்கள். சிரிப்பை மட்டும் போட்டால் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்து, அரதப்பழசான மாமியார் ஜோக்கில் போய் நிற்க வேண்டி வருகிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால், சிரிப்புக்காக வந்தவர் தகவலையும் படித்துவிட்டுப் போகிறார். மொத்தமும் ஐந்தாறு வரிக்குள் இருக்கட்டும். திரையைத் தள்ளாமல் படித்து முடிக்கிற நீளம் போதும்.

எப்படிப்பட்ட தகவல் எடுபடுகிறது?

தினமும் கையில் புழங்குகிற பொருளைப் பற்றி, நாம் கவனிக்காமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். வெள்ளிக் கோள் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாள் எடுக்கிறது, சூரியனைச் சுற்றிவர 225 நாள்தான் என்று போட்டால் நான்கு பேர் கட்டைவிரலைக் காட்டுவார்கள். அதோடு சரி. கணவாய்க்கு மூன்று இதயம் என்று போட்ட அன்று குழு அடங்கவே இல்லை. செவுள் ஒவ்வொன்றுக்கும் ரத்தம் தள்ள ஒரு இதயம், உடம்பு முழுவதற்கும் தள்ள இன்னொன்று. நம் ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, அதன் ரத்தத்தில் செம்பு இருக்கிறது, அதனால் அந்த ரத்தம் நீலம். ஆக்டோபஸ் என்கிற பேய்க்கணவாய்க்கும் இதே கணக்குத்தான். வாரம் ஒருமுறையாவது கணவாயைக் கழுவி வெட்டுகிறவர்கள் எல்லாரும் "இத்தனை நாளா இது தெரியாமப் போச்சே" என்றார்கள். மறுநாள் மீன் ஆய்கிற இடத்தில் இதயத்தைத் தேடிப் பார்த்தவர்களும் உண்டு.

சுறாப் புட்டு வேகிற வீட்டுக்கு ஒரு தகவல் இருக்கிறது. சுறாவின் முன்னோர்கள் கடலில் நீந்தத் தொடங்கி 40 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. பூமியில் மரங்கள் வந்ததே அதற்குப் பிறகுதான். சுறா முதலில் வந்தபோது கரையில் ஒரு பனைகூடக் கிடையாது, வேறு எந்த மரமும் கிடையாது.

குண்டு மிளகாய்க்கும் ஒன்று உண்டு. இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் மிளகாய்ச் செடி அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் கப்பலில் வந்த பிறகுதான் அது நம் நாட்டு மண்ணைப் பார்த்தது. இந்தக் கடலில் முத்துக் குளிக்க வைத்த பழைய பாண்டிய மன்னர்களுக்கு மிளகாய் என்றால் என்னவென்றே தெரியாது. அவர்கள் வீட்டுக் குழம்பில் காரம் என்றால் மிளகுதான். இதைச் சொன்னபோது எங்கள் குழுவிலிருந்த மிளகாய் விவசாயி ஒருவர், "கிளி மட்டும் எப்படிங்க அத்தனை காரத்தையும் கொத்திட்டுப் போகுது?" என்று கேட்டார். பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைக்காது. நம் வாயில் எரிச்சலைக் கிளப்புகிற பொருள் அவற்றின் நரம்பைத் தொடுவதில்லை. பறவை தின்று, பறந்து, வேறிடத்தில் விதையைப் போடுகிறது. செடிக்கு லாபம். ஒரு தகவல் இன்னொரு கேள்வியைக் கிளப்பினால் அன்றைய வேலை நன்றாக நடந்தது என்று எடுத்துக்கொள்வேன்.

கடல், மீன், கடல், மீன் என்றே போனால் சலிக்காதா?

சலிக்கும். அப்போது சரித்திரத்துக்குப் போவேன். இந்தக் கரைக்குச் சரித்திரம் குறைவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, இங்கே முத்துக் குளிப்பதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். கிடைக்கிற முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, மந்திரம் போட்டுச் சுறாக்களைக் கட்டிவைப்பவருக்கு! இதைவிட வேடிக்கையான பகுதி அடுத்தது. அந்தக் கட்டு பகலுக்கு மட்டும்தான். இரவானதும் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்களாம். ராத்திரியில் யாரும் திருட்டுத்தனமாக முத்துக் குளிக்காமல் இருக்கச் சுறாவையே காவலுக்கு விடுகிற ஏற்பாடு. எங்கள் குழுவில் இதற்கு வந்த அளவு பதில் வேறு எந்தச் சரித்திரத் தகவலுக்கும் வந்ததில்லை.

நாள்காட்டியும் கை கொடுக்கும். ஜனவரி 26 என்றால் குடியரசு நாள் எல்லாருக்கும் தெரியும். 1897-இல் அதே தேதியில்தான் விவேகானந்தர் மேலை நாடுகளிலிருந்து திரும்பிப் பாம்பனில் கரையிறங்கினார். இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வரவேற்றார். பிப்ரவரி 24, 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்த நாள். அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளோடு, 1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறந்த நாளும்கூட. அதுவரைக்கும் தீவுக்குள் ஒரு பேருந்து தன் சக்கரத்தில் ஓடி வந்ததில்லை. ஏப்ரல் 6, 2025-இல் புதிய ரயில் பாலம். அக்டோபர் 15 அப்துல் கலாம் பிறந்த நாள். அன்று எல்லாரும் பொன்மொழி போடுவார்கள். நான் அவர் சிறுவனாகப் பத்திரிகை போட்ட கதையைச் சொல்வேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். ஓடுகிற ரயிலிலிருந்து பத்திரிகைக் கட்டுகளைத் தூக்கி எறிவார்கள், அதைப் பொறுக்கி எடுக்க உறவினர் ஒருவருக்கு அவர் கூடமாட உதவினார். அதுதான் அவருடைய முதல் சம்பாத்தியம்.

வந்த தகவல் உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். மற்றதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், இது இருக்கக் கூடாது. ஊரில் நம்மை நம்பி ஒருவர் தன் பிள்ளைக்குச் சொல்கிறார், அந்தப் பிள்ளை பள்ளியில் போய்ச் சொல்கிறது.

முதலில், தகவலுக்குள் இருக்கிற பெரிய பெயரைப் பாருங்கள். நாசா, யுனெஸ்கோ, ஹார்வர்டு, கலாம். பொய்க்கு எப்போதும் ஒரு பெரிய பெயர் தேவைப்படுகிறது. நம் தேசிய கீதத்தை யுனெஸ்கோ உலகிலேயே சிறந்ததென்று அறிவித்ததாக ஆண்டுதோறும் ஒரு செய்தி சுற்றும். யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவித்ததில்லை. நம் கீதத்தைப் பாட அந்தச் சான்றிதழ் நமக்குத் தேவையும் இல்லை.

எங்கள் பகுதிக்கே உரியது சேதுவைப் பற்றியது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே இருக்கிற மணல்திட்டுகளை விண்வெளியிலிருந்து எடுத்த படம் உண்மையானது. "17 லட்சம் ஆண்டுக்கு முன் மனிதர் கட்டியது என்று நாசா நிரூபித்துவிட்டது" என்ற வரி பின்னால் யாரோ சேர்த்தது. மேலிருந்து எடுத்த படம் திட்டுகளின் வயதையோ, யார் அமைத்தார்கள் என்பதையோ சொல்லாது. நாசா தரப்பிலும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். பக்தி வேறு விஷயம், அதற்குச் செயற்கைக்கோள் சாட்சி வேண்டியதில்லை. மிதக்கும் கல்லும் அப்படித்தான். உள்ளே காற்றறைகள் நிறைந்த கல் எந்த ஊரில் இருந்தாலும் மிதக்கும். எரிமலைக் குழம்பு நுரைத்து உறைந்த கற்கள் உலகில் பல கடற்கரைகளில் மிதந்து வந்து ஒதுங்குகின்றன. இதை நான் அப்படியே தகவலாகப் போட்டேன். யாரும் மனம் நோகவில்லை. நம்புகிறவர்களைக் கிண்டல் செய்யாமல், கல் எப்படி மிதக்கிறது என்று மட்டும் சொன்னால் எல்லாரும் படிக்கிறார்கள்.

அடுத்து, "உலகிலேயே", "முதன்முதலாக", "ஒரே" என்று வருகிற சொற்களைப் பாருங்கள். அங்கேதான் பெரும்பாலும் ஓட்டை இருக்கும். பாம்பன் பாலம் இந்தியாவின் முதல் கடல் பாலம் என்பது சரி. "உலகின் முதல்" என்று ஒருவர் ஏற்றிவிட்டால் தகவல் கெட்டுவிடும். சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் படியுங்கள். அப்போதும் வியப்பு மிச்சமிருந்தால் போடலாம்.

சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்ததால் சோதிக்காமல் விடுகிற தகவல்களும் உண்டு. சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து தெரியும் என்பார்கள், தெரியாது. தங்க மீனுக்கு ஞாபகம் மூன்று நொடிதான் என்பார்கள். மீன்கள் மாதக்கணக்கில் ஞாபகம் வைத்துக்கொள்வதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். கடலுக்குப் போகிறவர்களிடம் கேட்டால் இதைச் சோதனை இல்லாமலே சொல்வார்கள்.

கடைசியாக ஒன்று. கடல் சம்பந்தப்பட்டது என்றால் கடலுக்குப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஏதோ ஒரு நாட்டு மீனின் பழக்கத்தை நம் ஊர் மீன் தலையில் கட்டியிருப்பார்கள், அவர் உடனே பிடித்துவிடுவார். ஆனால் கடலில் கேட்ட கதை எல்லாமே உண்மையும் ஆகாது. அதனால் இரண்டு பக்கமும் பார்க்கிறேன், புத்தகத்தையும் பார்க்கிறேன், ஆளையும் கேட்கிறேன். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்தத் தகவல் அன்றைக்கு வராது.

மாமாவோ பெரியப்பாவோ அனுப்பிய தகவல் தவறு என்றால் எப்படிச் சொல்வது?

குழுவில் சொல்லாதீர்கள். தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். "மாமா, நீங்க போட்டதைப் படிச்சேன், எனக்கு ஒரு சந்தேகம்" என்று தொடங்கினால் அவரே "ஏம்ப்பா, தப்பா?" என்று கேட்டுவிடுவார். நூறு பேர் முன்னால் "இது ஃபேக்" என்று ஒற்றைச் சொல்லில் அடித்தால் அவர் அதற்குப் பிறகு எதையும் போடமாட்டார். தவறான தகவலோடு சேர்த்து அவரிடம் இருக்கிற நல்ல கதைகளையும் இழந்துவிடுவோம். மருந்து, புயல், சுனாமி பற்றிய பொய்ச் செய்தி மட்டும் விதிவிலக்கு. அதை உடனே, குழுவிலேயே, மரியாதையாக மறுத்துவிட வேண்டும். வானிலை எச்சரிக்கை விஷயத்தில் ஒரு மணி நேரத் தாமதம்கூட ஆளைக் கொன்றுவிடும்.

சிரிப்புக்கு எங்கே போவது? நல்ல ஜோக் கிடைப்பதில்லையே?

மீன் சந்தைக்குப் போங்கள். டீக்கடைக்குப் போங்கள். ஏலம் கேட்கிற இடத்தில் அரை மணி நேரம் நின்றால் ஒரு வாரத்துக்குத் தாங்கும். இணையத்திலிருந்து எடுக்கிற ஜோக்கில் பெரும்பாலும் வேறு ஊர் மனிதர்கள் வேறு ஊர்க் கவலைகளோடு பேசுகிறார்கள். நம் ஆட்கள் பேசுவதைக் கேட்டால் அதில் சிரிப்பு தானாக இருக்கிறது. ஒரு மீன்கடைப் பேச்சு:

"ஏம்மா, நேத்து நான் பார்த்த அதே மீன்தானே இது?"
"அதுக்கும் உங்க முகம் ஞாபகம் இருக்குங்கய்யா."

மீனின் ஞாபகசக்தி பற்றிய தகவலுக்குக் கீழே இதைப் போட்டோம். புதிய பாலம் வந்த சமயத்தில் போட்டது இது:

"டேய், பாம்பன் பாலத்தைத் தூக்கிட்டாங்களாம்டா!"
"ஐயையோ, போலீஸ்ல எழுதிக் கொடுத்தாச்சா?"

கப்பல் போவதற்காகப் புதிய பாலத்தின் நடுப்பகுதி, 72.5 மீட்டர் நீளமுள்ளது, செங்குத்தாக 17 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது என்பது அன்றைய தகவல். பழைய பாலத்தில் இரண்டு கைகளும் மேல்நோக்கி விரியும். ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் அதைத் திறந்தார்கள்.

சிரிப்பைச் சுருக்கமாக வைக்க வேண்டும். இரண்டு வரி, அதிகம் போனால் நான்கு. "ஒரு ஊர்ல ஒரு ஆளு இருந்தானாம்" என்று தொடங்கினால் திண்ணைக்குச் சரி, கைபேசிக்கு ஆகாது. விளக்கமும் வேண்டாம். புரியாதவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கட்டும். அப்படிக் கேட்பதில் அந்த வீட்டிலும் ஒரு சிரிப்பு பிறக்கிறது.

எதை வைத்துச் சிரிக்கக் கூடாது?

சாதி, மதம், உடம்பு, நிறம், ஊனம். இதில் பேச்சுக்கே இடமில்லை. எங்கள் குழுவில் இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். இந்தக் கரையே அப்படித்தான். மூன்று வீட்டாரும் சேர்ந்து சிரிக்க முடியாத ஒன்றை நான் போடுவதில்லை.

நிறத்தைப் பற்றி ஒரு உதாரணம். குளிர்காலத்தில் தனுஷ்கோடிப் பக்கம் வருகிற பூநாரையின் இளஞ்சிவப்பு, அது தின்கிற பாசியிலும் சின்ன இறால்களிலும் இருந்து வருகிறது, சாப்பாடு மாறினால் நிறமும் வெளுக்கும் என்று போட்டோம். "அப்ப தினம் இட்லி சாப்பிடுற நான் ஏன் இன்னும் வெள்ளையாகல?" என்று ஒரு தம்பி சிரிப்பு அனுப்பினார். அவர் தன்னைத்தான் சொன்னார், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் வெயிலில் வலை காய வைத்து, கருவாடு புரட்டி, கறுத்துப்போன எத்தனையோ பிள்ளைகள் அந்தக் குழுவை வீட்டில் படிக்கிறார்கள். அதைப் போடவில்லை. காரணத்தை அவரிடம் சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார்.

கடலுக்குப் போய் வராதவர்கள், எல்லைப் பிரச்சினையில் பிடிபட்டவர்கள், படகு இழந்தவர்கள் பற்றிய எதுவும் சிரிப்பு ஆகாது. ஊரில் ஒரு சாவு என்றால் அன்று சிரிப்பும் இல்லை, தகவலும் இல்லை. மறுநாளும் தகவல் மட்டும்தான்.

தனுஷ்கோடியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரும் போனது, ஊரை நோக்கி வந்த பாசஞ்சர் ரயிலும் போனது. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இப்போதும் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். பேய் ஊர் என்று படம் போட்டு, "ராத்திரி போனா ரயில் சத்தம் கேட்குமாம்" என்று வருகிற கதைகளை நாங்கள் அனுமதிப்பதில்லை. டிசம்பர் 22-ஆம் தேதி ஒரே ஒரு செய்தி போடுவேன். புயலில் பாம்பன் பாலம் உடைந்துபோன பிறகு, ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாளில் பாலத்தை மறுபடி ஓட வைத்தார்கள். பின்னாளில் கொங்கண் ரயில் பாதையையும் டெல்லி மெட்ரோவையும் போட்டவர் அவர்தான். அன்று கீழே சிரிப்பு இருக்காது.

தகவலும் சிரிப்பும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமா?

பொருந்தினால் மிக நல்லது, தகவல் மறக்காது. கடல் குதிரையில் பிள்ளை பெறுவது ஆண். பெண் முட்டையை ஆணின் வயிற்றுப் பைக்குள் விட்டுவிடும், ஆண் சுமந்து குஞ்சு பொரித்து வெளியே விடும். இதைப் படித்துக் காட்டியதும் ஒரு வீட்டில் பாட்டி கேட்டார்களாம்:

"அப்ப தலைப்பிரசவத்துக்கு எந்த வீட்டுக்குப் போகும்?"

இதைக் கேட்ட யாரும் கடல் குதிரைத் தகவலை மறக்கப் போவதில்லை. கணவாய்க்கும் ஒன்று அமைந்தது. வாத்தியார் "கணவாய்க்கு எத்தனை இதயம்?" என்று கேட்கிறார். பையன் "மூணு சார்" என்கிறான். எப்படித் தெரியும் என்று கேட்டால், "எங்க அம்மா சொல்லும் சார், கணவாய்க்கே மூணு இருக்கு, உங்க அப்பாவுக்கு ஒண்ணுகூட இல்லையேன்னு."

கடல் அட்டைக்கு மூளை கிடையாது. ஆசனவாய் வழியாக மூச்சு விடுகிறது. ஆபத்து வந்தால் குடலையே வெளியே தள்ளிவிட்டுத் தப்பிக்கும், பிறகு புதிதாக வளர்த்துக்கொள்ளும். அதற்கு வந்த சிரிப்பு:

"கடல் அட்டை குடலை விட்டுட்டுத் தப்பிச்சிருமாம்."
"எங்க மச்சான், டீக்குக் காசு கொடுக்கிற நேரம் வந்தா எங்களை விட்டுட்டுத் தப்பிச்சிருவாரு."

தினமும் இப்படி அமையாது. பொருந்தாத நாளில் வலிந்து பொருத்த வேண்டாம்.

எந்த நேரத்தில் போடலாம்?

எங்களுக்கு மாலை ஏழு மணிக்கு மேல். காலையில் சந்தை, பள்ளிக்கூடம், சமையல், யாருக்கும் நேரமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், வருமானம் இல்லாத கவலையும் வீட்டில் இருக்கும். அந்த நாட்களில் காலையிலும் மாலையிலும் போடுவோம், பழைய ஆட்களிடம் கதை கேட்டு வாங்கிப் போடுவோம். ஆண்டிலேயே குழு கலகலப்பாக இருப்பது அப்போதுதான்.

வினாவாகக் கேட்கலாமா?

தாராளமாக. ஞாயிற்றுக்கிழமை வினா நாள். கேள்வி இரண்டு வகையாக இருந்தால் சுவை. ஒன்று பிள்ளைகளுக்குத் தெரியும், பெரியவர்களுக்குத் தெரியாது: கடல் பசுவுக்கு நெருங்கிய சொந்தம் திமிங்கிலமா, யானையா? யானைதான். இன்னொன்று பெரியவர்களுக்குத்தான் தெரியும்: இதே கடல் பசுவை நம் மீனவர்கள் எப்படிச் சொல்வார்கள்? ஆவுளியா. அல்லது, ஆண்கடல் எது, பெண்கடல் எது, ஆண்டு முழுவதும் அப்படியே இருக்குமா? வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல். தென்மேற்குப் பருவத்தில் ஆண்கடல் கொந்தளிக்கும், வடக்கு அலையே இல்லாமல் கிடக்கும். வாடை தொடங்கினால் பெண்கடலும் சீறும். பிள்ளைகள் இதற்குத் தாத்தாவிடம் ஓடுகிறார்கள். முதல் கேள்விக்குத் தாத்தா பிள்ளைகளிடம் வருகிறார். நான் வேண்டுமென்றேதான் இப்படிக் கலந்து வைக்கிறேன்.

பரிசு எதுவும் கிடையாது. பரிசு வைத்தால் கூகுளில் தேடுகிறவர் ஜெயித்துவிடுகிறார்.

படிக்கத் தெரியாதவர்கள் குழுவில் இருக்கிறார்களே?

குரல் பதிவு போடுங்கள். எழுத்தில் போட்டதையே ஒரு நிமிடத்துக்குள் பேசி அனுப்பினால் போதும். எங்கள் குழுவில் ஒரு அக்கா பேசி அனுப்புகிறார். அவர் குரலில் கேட்டால் சுமாரான ஜோக்கும் நல்ல ஜோக் ஆகிவிடுகிறது. வெளிநாட்டில் இருப்பவர்களும் எழுத்தை விட்டுவிட்டு அதைத்தான் கேட்கிறார்கள்.

படம் எடுத்துப் போடலாமா?

கரையில் நின்று எடுத்த படம் என்றால் போடலாம். உயிரினத்தைப் பிடித்து, கையில் தூக்கி வைத்து எடுத்த படம் வேண்டாம். கடல் அட்டை, கடல் குதிரை, கடல் பசு, ஆமை, பவளம் எல்லாம் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. 1986-இல் அறிவித்த மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே மூழ்கிவிட்டன. பவளத்தை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். வலையில் தவறி ஏறியதைப் பத்திரமாகக் கடலில் விடுகிற காட்சி இருந்தால் சந்தோஷமாகப் போடுவோம். மற்றவர் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள் படத்தைக் கேட்காமல் போடக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

யாருமே பதில் போடாத நாளில் என்ன செய்வது?

ஒன்றும் செய்ய வேண்டாம். மறுநாள் போடுங்கள். பதில் போடாமல் படித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். வழியில் பார்த்தால் "முந்தாநேத்துப் போட்டீங்களே" என்று அவர்களே நிறுத்திப் பேசுவார்கள்.

தகவல் தீர்ந்துபோய்விடாதா?

இந்தக் கரையில் தீராது. உப்புத்தண்ணித் தீவு, நல்லதண்ணித் தீவு இரண்டுமே நம் மாவட்டத்துக்கு எதிரே கடலில் இருக்கின்றன என்று எத்தனை பேருக்குத் தெரியும்? சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறின. பள்ளி ஆசிரியர்கள், மீன்துறையில் வேலை பார்ப்பவர்கள், கோயில், தர்கா, தேவாலயம் மூன்றின் பழைய ஆட்கள் எல்லாரையும் கேளுங்கள். வீட்டுக் கிழவிகளை முதலில் கேளுங்கள். அவர்கள் சொல்வதைப் போகிற போக்கில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நானும் ஒன்று அனுப்பலாமா?

அனுப்புங்கள். தகவல் என்றால் எங்கே படித்தீர்கள், யாரிடம் கேட்டீர்கள் என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். சிரிப்பு என்றால் வீட்டில் ஒருவரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

இன்றைக்கு என்ன போடப் போகிறீர்கள்?

தகவல்: இந்தியா முழுவதற்குமான மத்திய கடல்மீன் வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தொடங்கியது. 1971-இல் கொச்சிக்குப் போவதற்கு முன் பல ஆண்டுகள் அதன் தலைமையகம் சென்னையிலோ மும்பையிலோ இல்லை, நம் மண்டபத்தில்தான் இருந்தது. அதன் மையம் ஒன்று இப்போதும் அங்கே இயங்குகிறது.

சிரிப்பு:

"தம்பி, கல்யாணம் எங்கே?"
"மண்டபத்துலங்க."
"அது தெரியுதுப்பா. எந்த மண்டபத்துல?"
"மண்டபத்துல இருக்கிற மண்டபத்துலங்க."
"சரி, ஊரு எதுப்பா?"
"அதைத்தானேங்க முதல்லயே சொன்னேன்!"